அந்தோணி மேஸ்திரி வீட்டின் தெற்குச் சுவர்

வீடு கட்ட அனுமதி வேண்டும் என்று இப்போது யாரும் ஓவர்சியரைத் தேடி வருவதில்லை. வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதுவே அளந்து பார்க்கிறது. சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. போன மாதம் எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். "மேடம், நீங்க டேப்பும் கையுமா வெயில்ல அலைஞ்சு பாத்த வேலைய அது உக்காந்த எடத்துல பாத்துடுது. உங்களுக்குக் கோவமே வரலையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வராது? பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் கண்டக்டரிடம் சண்டைக்குப் போகிறவள் நான். ஆனால் அந்த மெஷினுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, அது ஏன் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதுதான் அது.

சிவில் டிப்ளமா முடித்ததும் திருவள்ளூரில் வரைவுப் பிரிவில் இரண்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறி போட்டால் காகிதம் பறக்கும் என்று விசிறியில்லாத அறையில் உட்கார வைத்தார்கள். வியர்வை வரைபடத்தில் சொட்டாமல் இருக்கக் கைக்கு அடியில் கர்ச்சீப் வைத்துக்கொண்டு கோடு போட்டேன். பிறகு ஓவர்சியராகிக் கும்மிடிப்பூண்டி பக்கம் வந்தேன், ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை.

வரைவுப் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வீட்டு வரைபடத்தை முதலில் ட்ரேசிங் தாளில் மையால் வரைவார்கள். அதிலிருந்து நீல நிறத்தில் பிரதி எடுப்பார்கள். வரைபடத்தில் ஏதாவது அளவு தப்பாக இருந்தால் நியாயமாக அந்தச் சுவரின் கோட்டையே சுரண்டிவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். ஒரு சுவரை நகர்த்தினால் கதவு நகரும், ஜன்னல் நகரும், மாடிப்படி நகரும். இரண்டு நாள் வேலை. அதனால் யாரும் அதைச் செய்வதில்லை. பாதி பிளேடால் அந்த எண்ணை மட்டும் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புது எண்ணை எழுதிவிடுவோம். கோடு பழைய இடத்திலேயே நிற்கும். வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: எழுதியிருக்கும் அளவையே பின்பற்றவும், ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. இப்படி ஒரு வரி இருக்கும்போது நமக்கு என்ன பயம் என்று மாவட்டமே நிம்மதியாக பிளேடு போட்டுக்கொண்டிருந்தது. நானும்தான்.

லூர்து மேரி முதன்முதலில் என் மேஜைக்கு வந்தது நான் ஓவர்சியரான பிறகு, அந்த பிளேடு காலத்தில். தேர்வாய் கண்டிகை போகிற வழியில் ஒரு ஊர். அவள் அப்பா அம்மா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அவள் புருஷன் அந்தோணி கொத்தனார், ஊரில் அந்தோணி மேஸ்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து ஒரு மனை வாங்கியிருந்தார்கள். வரைபடத்தை நான்கு பிரதி எடுத்து, ட்ரேசிங்கோடும் பட்டாவோடும் கொண்டுவந்து வைத்தாள்.

பார்த்தேன். தெற்குப் பக்கம் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே தொண்ணூறு சென்டிமீட்டர்தான் விட்டிருந்தது. ஒன்றரை மீட்டர் விட வேண்டும். திருப்பிக் கொடுத்தேன்.

"ஓவர்சியரம்மா, பிளான் போட்டவரு ஊருக்குப் போய்க்கினாரு. வர பத்து நாளாவுமாம். மழைக்கு முன்னாடி கடைக்கால் எடுத்துடணும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிக்கினே இருக்காரும்மா" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அந்த ட்ரேசிங்கை வாங்கி நானே பிளேடு போட்டேன். அறையின் அகலத்தில் அறுபது சென்டிமீட்டர் குறைத்தேன், தெற்கு இடைவெளியில் அறுபதைக் கூட்டி ஒன்றரை என்று எழுதினேன். எண் சரியாகிவிட்டது. கோட்டைத் தொடவில்லை. புதுப் பிரதி எடுத்து, பொறியாளர் கையெழுத்து, ஊராட்சித் தலைவர் கையெழுத்து, சீல் எல்லாம் வாங்கி ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டேன். லூர்து மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

கடைக்கால் எழும்பி தரை மட்டம் வந்ததும் ஓவர்சியர் போய் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போனேன். அளக்கவில்லை. கையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வரைபடத்தில் எப்படியோ அப்படியே இருந்தது. டேப்பைப் பையிலிருந்து எடுக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வரைபடத்தில் எப்படியோ அப்படியே இருந்ததுதான் தப்பு என்று எனக்கு உறைக்க இருபது வருஷம் ஆயிற்று.

அந்த மெஷின் என் கடைசி வருஷத்தில்தான் வந்தது. பயிற்சி கொடுத்தார்கள். எல்லைக் கோடு ஒரு நிறம், சுவர் ஒரு நிறம், கிணறு ஒரு நிறம் என்று வரைந்து ஏற்ற வேண்டும். எனக்கு அதன்மேல் ஆரம்பத்திலிருந்தே கடுப்பு. நன்றாக இருக்கிற வரைபடத்தையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்குக் கண்ணும் இல்லை, புத்தியும் இல்லை என்று அலுவலகத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி திட்டுவேன்.

அப்போதுதான் லூர்து மேரி மறுபடி வந்தாள். தலை நரைத்திருந்தது. அவள் மகன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். தை மாதம் கல்யாணம். மாடியில் ஒரு அறையும் பாத்ரூமும் எடுத்தால்தான் மருமகள் வந்து இருக்க முடியும். பேங்கில் கடனுக்கு அனுமதி கேட்கிறார்கள்.

"மூணு வாட்டி ஏத்திட்டாரு பாபு தம்பி. மூணு வாட்டியும் செவப்பு. தெக்கால எடம் பத்தலைன்னு காட்டுதாம். பிளான்ல ஒன்றரைன்னு நல்லாவே போட்டுக்கீதும்மா. இன்னா பேஜாரு இது?"

கவரப்பேட்டையில் கடை வைத்து வரைபடம் போடுகிற பாபுவுக்கு போன் செய்தேன். வரைபடத்தில் ஒன்று புள்ளி ஐந்து என்று இருக்கிறது, மெஷின் புள்ளி ஒன்பது என்கிறதே, ஏனப்பா என்று கேட்டேன்.

"மேடம், ஊட்ட அளந்தப்ப புள்ளி ஒம்பதுதான் வந்துச்சு. கோட்ட அப்படியே போட்டேன். ஆனா பழைய அப்ரூவல்ல ஒன்றரைன்னு இருந்துச்சா, அதான் நம்பர மட்டும் மாத்திட்டேன். எல்லாரும் அப்படித்தானே மேடம் பண்றோம்?"

மனிதர்கள் எண்ணைப் படிப்பார்கள். அந்த மெஷின் எண்ணைப் பார்க்கவே பார்க்காது. அது கோட்டை அளக்கும்.

டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அந்தோணி மேஸ்திரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறு. திரும்ப அளந்தேன். தொண்ணூறேதான். தெருவில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது, நான் அனுமதி வாங்கிக் கொடுத்த வீடு, அதில் இப்படி. வந்த கோபத்தில் என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் பேசினேன்.

"ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் கட்டுறீங்க. சொந்த வீட்டுல ரெண்டடி தப்பா வச்சிருக்கீங்களே மேஸ்திரி? இப்ப மாடிய விடுங்க, இருக்கிற சுவத்துக்கே நோட்டீஸ் வரும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பிளான்ல இருந்த மாதிரிதாம்மா வச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அனுமதிக்கு மாறான கட்டுமானம் என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து லூர்து மேரி தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவுரு வேலைக்குப் போறதே இல்லம்மா. கூப்டறவங்களும் கூப்டறதில்ல. சொந்த ஊட்டையே கோணலா கட்டுனவன்னு டீக்கடையில பேசிக்கறாங்களாம். முப்பது வருஷமா கரண்டி புடிச்ச மனுசன். சொவத்தப் பாத்துக்கினே உக்காந்துகிறாரு." ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து அந்தப் பழைய நீலப் பிரதியை மேஜைமேல் விரித்தாள். பக்கத்தில் ஒரு மர ஸ்கேலை வைத்தாள். "அவுருக்கு எழுத்து வராது. பிளான்ல நம்பர பாக்க மாட்டாரு, கோட்டுமேல ஸ்கேலு வச்சுத்தான் அளப்பாரு. இத்த வச்சுத்தான் அளந்தாரு. நீங்களே அளங்க."

அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். ஒன்பது மில்லி என்றால் தொண்ணூறு சென்டிமீட்டர். அவர் கோட்டை மயிரிழை பிசகாமல் அளந்து சுவர் வைத்திருக்கிறார். அதற்கு மேலே ஒன்றரை என்று எழுதியிருந்த எண்ணைப் பார்த்தேன். என் கையெழுத்து. ஐந்தை வால் நீட்டி எழுதுகிறவள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

லூர்து மேரியிடம் இரண்டு நாள் பொறு என்றேன். அவள் போனதும் ஆவண அறைக்குப் போய் ட்ரேசிங்கைத் தேடி எடுத்தேன். விரலை வைத்துத் தடவினால் பிளேடு சுரண்டிய இடம் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தெருவில் வைத்து அந்த மனுஷரை என்ன கேள்வி கேட்டேன் என்று ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலைமை எழுத்தர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கெட்டவர் இல்லை, என்மேல் அக்கறைதான். "மேடம், கீழ பாருங்க. எழுதின அளவத்தான் ஃபாலோ பண்ணணும்னு நோட் இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மேஸ்திரி படிக்காம கட்டிட்டாரு. அவ்ளோதான். நாலு மாசம் இருக்கு, நல்லபடியா ரிட்டையர் ஆவுங்க. பதினேழு-பின்னு பெரிய தண்டனைக்கான மெமோ கொடுத்துட்டாங்கன்னா ஓய்வையே நிறுத்தி வச்சுடுவாங்க."

அவர் சொன்னது விதிப்படி சரி. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கோப்பைப் பொறியாளர் குணசேகரன் சாரிடம் கொண்டு போனேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற அதிகாரிகள் கோப்பில் சந்தேகம் வந்தால் 'பேசவும்' என்று ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நாம் போய் வாசலில் நிற்க வேண்டும். இவர் அந்த வார்த்தையை எழுதி நான் பார்த்ததே இல்லை. கேள்வியை முழுசாக எழுதுவார், புள்ளி வைப்பார். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவார். படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு ஒன்றிய அலுவலகமே பயப்படும். மனு கொடுக்க யார் வந்தாலும், கூலிக்காரரோ கம்பெனி முதலாளியோ, எழுந்து நின்று வாங்குவார்.

அன்றும் படித்தார். ட்ரேசிங்கைத் தடவிப் பார்த்தார். அடியில் இருந்த குறிப்பையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்தக் குறிப்பு எந்த மொழியில இருக்கு மேடம்?"

"இங்கிலீஷ் சார்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை, எதுவும் செய்யச் சொல்லவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நீங்க பாத்தத நீங்க எழுதுங்க. நாளைக்கு நானும் போய்ப் பாக்கறேன். நான் பாத்தத நான் எழுதறேன்" என்றார்.

எழுதினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், எல்லாம் 'கண்டறியப்பட்டது, செய்யப்பட்டது' என்று யார் செய்தார்கள் என்றே தெரியாத மாதிரி. அன்றைக்கு 'நான்' என்று எழுதினேன். நான் எண்ணை மட்டும் திருத்தினேன், கோட்டைத் திருத்தவில்லை. நான் தரை மட்டத்தில் அளக்காமல் கையெழுத்திட்டேன். குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது, கட்டியவர் வீட்டில் அதைப் படித்துச் சொல்ல யாரும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உள்ள கோட்டின்படியே சுவர் வைக்கப்பட்டிருக்கிறது. கட்டியவரின் அளவில் பிழை ஏதும் இல்லை. எழுதி முடித்ததும் வயிறு பசித்தது. ட்ரேசிங்கைத் தடவிப் பார்த்ததிலிருந்து எனக்குப் பசியே இல்லை.

மறுநாள் சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுவரின் நீளம் முழுக்க நான்கு இடத்தில் அளந்தார். நான்கு இடத்திலும் ஒரே அளவு. "பத்து வருஷத்துல இவ்ளோ நேரா ஒரு சுவர நான் பாக்கல" என்று அந்தோணி மேஸ்திரியிடமே சொன்னார். நான் மேஸ்திரியிடம் போய், "மேஸ்திரி, தப்பு என்னோடது. அன்னிக்குத் தெருவுல பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றேன். அதே தெருவில், ஆட்கள் நிற்கும்போதே சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

உண்மை வெளியே வந்துவிட்டது, சரி. ஆனால் இரண்டடி இன்னும் குறைகிறதே. யார் தப்பு என்று மெஷின் கேட்காது. சுவரை உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லையை வெளியே தள்ள வேண்டும். தெற்கே காலி மனை. அது முனிரத்தினம் என்பவருடையது. நெல் நிலமும் ஆந்திரா பக்கம் மாந்தோப்பும் வைத்திருக்கிற பெரிய மனிதர். அவரிடம் கேட்க லூர்து மேரிக்குத் தைரியம் இல்லை. அவர் களத்தில் அவள் அம்மா கூலிக்கு நெல் தூற்றியவள். சாரே போய்க் கேட்டார், நான் கூட நின்றேன்.

முனிரத்தினம் முதலில் பிடி கொடுக்கவில்லை. "ரெண்டடின்னு கேப்பீங்க, நாளைக்கு நாலடிம்பீங்க. இன்னா சார் இது?" என்றார். சார் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஓவர்சியரம்மா எழுதிக் கொடுத்ததையும் சொன்னார். முனிரத்தினம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கவருமென்ட்டுல இருந்துக்கினு தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்தியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாசலில் நின்றிருந்த அந்தோணி மேஸ்திரியைக் கூப்பிட்டார். "ஏன்டா நைனா, என் மோட்டார் ரூம கட்டினவன் நீதானே? பதினஞ்சு வருசமாவுது, ஒரு கீறல் இல்ல. போய் எல்லைக் கல்லு நடு. டப்பு எவ்ளோன்னு அப்பால பேசிக்கலாம்."

கிரயம் எழுதி, மனையை உட்பிரிவு செய்து, புதுப் பட்டா வாங்க நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக்கதை. பாபு புது எல்லையை வைத்து வரைந்தான். இந்த முறை எண்ணைக் கையால் அடிக்காதே, கோட்டை அளந்து மெஷினே எண்ணைப் போடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டினேன். ஏற்றினான். பச்சை வந்தது. கடைக்குள் லூர்து மேரி முழந்தாளிட்டு ஜெபம் செய்தாள். பாபு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டான்.

எனக்கு மெமோ வந்தது. பதினேழு-பி இல்லை, அதைவிடச் சின்னது, விளக்கம் கேட்டு வந்த பதினேழு-ஏ. ப்யூனிடம் கொடுத்தனுப்பாமல் குணசேகரன் சாரே என் மேஜைக்குக் கொண்டுவந்தார். "இதுல கையெழுத்து போட்டு வாங்கிக்குங்க மேடம். அப்புறம் டீ சாப்பிடலாம்" என்றார். கண்டிப்போடு முடிந்தது. தேதி தவறாமல் ஓய்வு பெற்றேன். என் பணிப் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில் அந்தக் கண்டிப்பு இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு வருத்தம் வருவதில்லை. அந்த மெஷின் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்திருக்கும், நானும் அளக்காமல் போட்ட கையெழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த மெஷினுக்கும், அந்த வெள்ளைத் தாளுக்கும், அந்த மர ஸ்கேலை என் மேஜையில் வைத்த லூர்து மேரிக்கும் நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

ஓய்வு பெறுவதற்கு மூன்று நாள் முன்னால் அந்தோணி மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாடி அனுமதி ஏற்கனவே கையில் இருந்தது, அதனால் வேறு என்ன என்று கேட்டேன். நான் எழுதிய அறிக்கையின் நகல் ஒன்று வேண்டும் என்றார். அதற்கு மனு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மனுவை நானே எழுதினேன், அவர் பெருவிரல் ரேகை வைத்தார். சார் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி நகலை வாங்கி, தாளின் நடுவில் விரலை வைத்து, "அந்த வரி எங்க இருக்குது?" என்று கேட்டார்.

காட்டினேன், அவர் விரல் அங்கே நகர்ந்தது. "படிங்கம்மா" என்றார்.

"கட்டியவரின் அளவில் பிழை ஏதும் இல்லை" என்று படித்தேன்.

விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. "சத்தமா படிங்கம்மா" என்றார். எழுந்து நின்று, அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன்.